ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கிப் படிக்கச் செல்வோருக்கு: முதல் நாளின் ஒழுங்கு

ஜப்பானில் மொழிப் பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ சேரும் வெளிநாட்டு மாணவர் விடுதிக்குப் பதிலாக உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கிப் படிப்பது ஹோம்ஸ்டே எனப்படும். கால் வைக்கும் இடம், குளிக்கும் முறை, உணவைப் பெற்றுக்கொள்ளும் விதம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவ்வீடுகளில் நெடுங்காலமாக ஊறிய ஓர் ஒழுங்கு உண்டு. ஆனால் விருந்தினர் மனம் நோகக்கூடாது என்று வீட்டார் அதை எடுத்துச் சொல்லத் தயங்குவதால், மாணவர் அதை முன்னதாகவே அறிந்து செல்வதும், தம்முடைய தேவைகளை அதேபோல் முன்னதாகவே தெளிவாகச் சொல்லிவிடுவதும் இன்றியமையாதவை.

முதல் வேலை, பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே குடும்பத்துக்கு ஒரு மடல் எழுதுவது. தம்மைப் பற்றிய அறிமுகம் அதில் சுருக்கமாக இருந்தால் போதும். உணவைப் பற்றிய பகுதியை மட்டும் விரிவாக எழுத வேண்டும். ‘சைவம்’ என்று ஒரே சொல்லில் எழுதினால், நல்லெண்ணம் மிக்க இல்லத்தரசிகூட இறைச்சித் துண்டுகளை மட்டும் விலக்கிவிட்டு மற்றதை வழக்கம்போல் சமைத்துவிடக்கூடும். ஏனெனில் ஜப்பானியச் சமையலின் அடித்தளமான ‘தாஷி’ எனும் சாறு, பெரும்பாலும் சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திச் சீவிய ‘கத்சுஒபுஷி’யிலிருந்து எடுக்கப்படுவதால், மிசோ சூப்பிலும் வேகவைத்த காய்கறியிலும் கண்ணுக்குத் தெரியாமல் மீன் கலந்திருக்கும். இந்தியர் என்ற அன்பில் முதல் இரவே கறிக் குழம்பு சமைத்து வைக்கும் வீடுகளும் உண்டு. கடையில் கட்டியாக விற்கும் அந்தக் குழம்புக் கலவைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கிறது. ஆகவே இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு, விலங்குக் கொழுப்பு என ஒவ்வொன்றையும் தனித்தனியே குறிப்பிட்டு, எது ஆகும், எது ஆகாது என்று எழுதுவதே இரு தரப்புக்கும் நல்லது. கொம்பு எனும் கடற்பாசியிலும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானிலும் மீனில்லாத தாஷி எடுக்கலாம் என்பது அங்கே சமைப்பவர் எவரும் அறிந்ததே. கேட்டால் செய்து தருவார்கள். சோறு, டோஃபு, தயிர், காய்கறி எனத் தாம் விரும்பிச் சாப்பிடுபவற்றையும் அந்த மடலில் சேர்த்துவிட வேண்டும். மறுப்புகளை மட்டும் படிக்கும் வீட்டாருக்கு என்ன சமைப்பது என்ற கவலையே மிஞ்சும்.

அடுத்தது அன்பளிப்பு. விலை உயர்ந்த பொருள் வீட்டாரைச் சங்கடப்படுத்தும். ஊரின் பெயர் சொல்லும் சிறு தின்பண்டம் போதும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய் பொருத்தமானது; ஆனால் வீட்டில் எவருக்கேனும் நிலக்கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இறைச்சி சேர்ந்த பொருள்களைக் கொண்டுசெல்லத் தடை உண்டு. பயிர்நலச் சான்று இல்லாத பழங்களும் பச்சை இலைகளும் விமான நிலையத்திலேயே பறிமுதலாகும் என்பதால், அம்மா பாசத்தோடு கட்டித்தரும் கறிவேப்பிலைக் கொத்தை ஊரிலேயே விட்டுச் செல்வது நல்லது.

மூன்று மாதத்துக்கு மேல் தங்குவோருக்கு நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் குடியிருப்பு அட்டை கையில் தரப்படும். வீடு சேர்ந்த 14 நாள்களுக்குள் உள்ளூர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பெரிய பெட்டிகளை விமான நிலையத்திலுள்ள கூரியர் முகப்பில் ஒப்படைத்தால் அவை மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு வந்துவிடும். எனவே முதல் இரவுக்கு வேண்டிய மாற்றுடை, மருந்து, அன்பளிப்பு ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது, வட்டார எண்களே முகவரியாக அமையும். ஆகவே ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட முகவரியை வைத்துக்கொண்டு, வர நேரமாகும் என்று தெரிந்தவுடனே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்.

வாசற்கதவைத் திறந்ததும் இருக்கும் தாழ்ந்த தளம் ‘கென்கான்’ எனப்படும். தமிழ் வீடுகளில் செருப்பைக் கழற்றிய பின் வெறுங்காலோடு வாசலில் நிற்பதில் தவறில்லை. கென்கானின் தரையோ வெளிப்புறத் தூசுக்கு உரிய இடமாகக் கருதப்படுவதால், காலணியைக் கழற்றிய பாதம் அந்தத் தரையைத் தொடாமல் நேராக மேல்படியில் ஏற வேண்டும். ஏறியபின் வீட்டாருக்கு முழு முதுகு காட்டாமல் சற்றே பக்கவாட்டில் குனிந்து, காலணியின் முனை கதவைப் பார்க்குமாறு திருப்பி ஓரமாக வைப்பது மரபு. பெட்டியின் சக்கரங்களைத் துணியால் துடைத்த பிறகே உள்ளே எடுத்துச் செல்ல வேண்டும். நுழையும்போது ‘ஒஜமா ஷிமாஸ்’ என்று சொல்வது, இடையூறு தருவதற்குப் பொறுத்தருளக் கேட்கும் முகமன். மறுநாள் முதல் வீடு திரும்பும்போது ‘ததைமா’ என்றால், உள்ளிருந்து ‘ஒகாஎரி’ என்று பதில் வரும். வீட்டுக்குள் அணியத் தரும் செருப்பைக் கோரைப் பாய் விரித்த ‘ததாமி’ அறையின் வாயிலில் விட்டுவிட வேண்டும். கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு இருக்கும், அதோடு கூடத்துக்கு வந்துவிடாமல் கவனிக்க வேண்டும். அன்பளிப்பை வாசலிலேயே நீட்டாமல், கூடத்தில் அமர்ந்த பிறகு பையிலிருந்து எடுத்து இரு கைகளாலும் கொடுப்பதே முறை.

குளியலில்தான் கூடுதல் கவனம் தேவை. ஏறக்குறைய 40 டிகிரி சூட்டில் தொட்டியில் நிறைந்திருக்கும் நீர் உடலுக்கு இதம் தருவதற்கு உரியது. அழுக்கு நீக்குவது தொட்டிக்கு வெளியே, முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு நுரை முழுதும் போக அலசுவதோடு முடிந்துவிட வேண்டும். அதே நீரில்தான் குடும்பத்தினர் ஒவ்வொருவராக இறங்குவர் என்பதால், வெளியேறும்போது தொட்டியின் அடைப்பைப் பிடுங்காமல் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு வர வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் வழக்கமுள்ளோர் தொட்டியில் இறங்குமுன் எண்ணெயை முற்றிலும் போக்கி, கூந்தலை உச்சியில் முடிந்துகொள்ள வேண்டும். முதலில் குளிக்கும் வாய்ப்பை விருந்தினருக்குத் தந்தால் மறுக்காமல் ஏற்கலாம். மாதவிடாய் நாள்களிலோ கூச்சமாக இருக்கும்போதோ ஷவரில் மட்டும் குளிப்பதாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

உண்ணத் தொடங்குமுன் ‘இததாகிமாஸ்’, முடித்தபின் ‘கோச்சிசோசமா’ என்பவை நன்றி கூறும் சொற்கள். உண்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும், ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் இறுதிச் சடங்கை நினைவூட்டும் செயல்களாதலால் அறவே கூடா.

உறங்கப் போகுமுன் வைஃபை கடவுச்சொல், சாவி, இரவு திரும்ப வேண்டிய நேரம், எந்தக் கிழமை எந்த வகைக் குப்பை என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட், துளைகள் இரண்டு தட்டை ஊசிகளுக்கு உரியவை. எனவே கைப்பேசி சார்ஜருக்கு இணைப்பான் போதும், ஊரிலிருந்து கொண்டுசென்ற மிக்ஸி ஒழுங்காக ஓடாது. நிலநடுக்கம் வந்தால் எந்த வழியாக வெளியேறுவது, குடும்பம் ஒன்றுகூடும் இடம் எது என்பதை அன்றே கேட்பதில் தயக்கம் வேண்டாம். புகலிடம் பெரும்பாலும் அருகிலுள்ள பள்ளியாகவே இருக்கும். முதல் வார இறுதியில் வீட்டார் ஒருவருடன் அந்தப் புகலிடம்வரை ஒருமுறை நடந்து சென்று, வழியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.