அழுத்தம் 16 இருந்தால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. வயதுக்கு மீறிய உயரம், நீள நீளமான விரல்கள். மார்ஃபன் சிண்ட்ரோம் என்று சொன்ன இதய மருத்துவர், மகாதமனி விரிந்துவிடாமலிருக்க அட்டெனலால் மாத்திரை கொடுத்துவருகிறார். கண்ணாடி பவர் மைனஸ் 7. லென்ஸ் கொஞ்சம் விலகியிருப்பதால் க்ளாக்கோமா வருகிறதா என்று தொடர்ந்து பார்க்கவேண்டும் என்கிறார் கண் மருத்துவர். கண் அழுத்தம் 16தானே இருக்கிறது? க்ளாக்கோமா வயதானவர்களுக்கு வரும் நோய் இல்லையா? இவனுக்கு ஒரு தங்கையும் இருக்கிறாள்.
– ஒரு வாசகி, தேனி

பதில்: உங்கள் கண் மருத்துவர் சொல்வது சரி, அம்மா. 10 முதல் 21 வரை இயல்பு என்பதால் 16 நல்ல எண்ணாகத்தான் தெரியும். ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மார்ஃபன் உள்ள பலருக்குக் கருவிழி மெலிந்திருக்கும். மெலிந்த கருவிழியில் கருவி உண்மையான அழுத்தத்தைவிடக் குறைத்தே காட்டும். போதாக்குறைக்கு, அட்டெனலால் கண் அழுத்தத்தையும் சற்றுக் குறைக்கக்கூடிய மருந்து. கருவிழியின் தடிமனை அளந்தார்களா என்று கேளுங்கள்.

மார்ஃபனில் பழுதாவது இணைப்புத் திசுவில் இருக்கும் ஃபிப்ரில்லின் என்ற புரதம். 15ஆவது குரோமோசோமில் இருக்கும் எஃப்.பி.என்.1 மரபணுதான் அதை உருவாக்குகிறது. மகாதமனிச் சுவரின் மீள்தன்மைக்கு வேண்டிய அதே புரதத்தால்தான் கண் லென்ஸைச் சுற்றிலும் பிடித்திருக்கும் நுண்ணிழைகளும் ஆனவை. அவை தளரும்போது லென்ஸ் நகர்கிறது, பெரும்பாலும் மேல்நோக்கி. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வலை, பார்வை நரம்பின் சுமார் பத்து லட்சம் இழைகள் வெளியேறும் சல்லடை போன்ற தட்டு, இரண்டுமே இணைப்புத் திசுதான். வலை சரியாக இயங்காவிட்டால் அழுத்தம் ஏறும். தட்டு பலவீனமாக இருந்தால், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அழுத்தமே நரம்பைப் பாதிக்கலாம். நரம்புக்கு வரும் அந்தப் பாதிப்புதான் க்ளாக்கோமா. அதனால்தான் எண்ணை மட்டும் பார்த்து "நார்மல்" என்று அனுப்பிவைப்பதை என்னால் ஏற்கமுடிவதில்லை. நரம்பைப் பார்க்கவேண்டும். நரம்பிழைகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் பார்வைப் புலச் சோதனையும் இப்போதே எடுத்துவையுங்கள், பின்னால் ஒப்பிட அவை வேண்டியிருக்கும்.

க்ளாக்கோமா வயதானவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது, உண்மை. அங்கும் சில சமயம் இணைப்புத் திசுவே காரணம். லென்ஸின் மேல் வெண்செதில் போலப் படியும் ஒருவகையை ஃபின்லாந்து மருத்துவர் லிண்ட்பெர்க் 1917இல் விவரித்தார். ஐஸ்லாந்து, ஸ்வீடன் நோயாளிகளை ஆராய்ந்தபோது, மீள்நார்களைப் பிணைக்கும் நொதிக்கான எல்.ஓ.எக்ஸ்.எல்.1 மரபணுவோடு அதற்குத் தொடர்பு இருப்பது 2007இல் தெரியவந்தது. நம் ஊரில் கண்புரைக்காக வரும் முதியவர்களிடமும் இதைப் பார்க்கிறோம். அவர்களுக்கும் லென்ஸ் பிடிமானம் தளர்ந்திருக்கும் என்பதால் அறுவை சிகிச்சையில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

மகனுக்குத் திடீரென்று கண்வலி, சிவப்பு, வாந்தி, பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். லென்ஸ் முன்னால் நழுவி நீரின் வழியை அடைத்திருக்கலாம். சொட்டுமருந்து எழுதும் எவரிடமும் அட்டெனலாலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். டிமோலால் சொட்டும் அதே வகைதான்; இரண்டும் சேர்ந்தால் நாடித்துடிப்பு அதிகமாகக் குறையக்கூடும். ஸ்டீராய்டு சொட்டுகளைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடவே வேண்டாம், அழுத்தத்தை ஏற்றிவிடும்.

பெற்றோரில் ஒருவருக்கு மார்ஃபன் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. மார்ஃபன் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவும் வருகிறது. நீங்களும் உங்கள் கணவரும் மகளும் ஒருமுறை கண்ணையும் இதயத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள்.