நத்தார்ச் சமையல்: நவம்பர் கடைசி முதல் நத்தார் மதியம் வரை

கொழும்பு வீடுகளில் நத்தாருக்குச் செய்யும் றிச் கேக்கின் அடிப்படை கோதுமை மா அல்ல, ரவை. ரவை ஈரத்தை மெதுவாகவே உள்வாங்கும். அதனால் சுட்ட அன்று கத்தி வைத்தால் உதிரும் கேக், இரண்டு மூன்று வாரம் மூடி வைத்த பின்னரே பழச்சாறும் பிராண்டியும் ஊறிப் பதத்துக்கு வருகிறது. எண்ணெயில் பொரித்த பலகாரம் நல்ல டின்னில் ஒரு வாரம், பத்து நாள் மொறுமொறுப்பாக இருக்கும். தேங்காய்ப்பால் சேர்ந்த கறியோ கொழும்புச் சூட்டில் அரை நாள் தாங்காது. ஆகவே பண்டிகைச் சமையலின் ஒழுங்கு எளிது: நெடுநாள் இருப்பது முதலில், விரைவில் பழுதாவது கடைசியில். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அந்த ஞாயிற்றைத் தொடக்கமாக வைத்துக்கொண்டால் எந்த வேலையும் மற்றொன்றின் மேல் விழாது.

முதல் வாரம்: சாமான் வாங்குதலும் பழம் ஊறவைத்தலும்

உலர்பழம், கஜு, ரவை, சீனி ஆகியவற்றை மொத்தமாக வாங்குவோர் புறக்கோட்டையின் நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களுக்கு வேலைநாள் காலையில் போவது நல்லது. டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அங்கே நெரிசலில் நின்று பார்த்து வாங்க முடியாது. பிளம்ஸ் கையில் ஒட்டும் மென்மையோடு இருக்கவேண்டும். வெண்மையாகப் பூத்துக் கல்லாகியிருந்தால் பழையது. கஜுவில் ஒன்றைக் கடித்துப் பார்த்தே வாங்கவேண்டும். சிக்கு வாடை அடிக்கும் கஜு ஒரு பிடி சேர்ந்தாலும் முழுக் கேக்கும் கெடும். பொதி செய்த பொருள்களில் காலாவதித் திகதியையும் குறித்த விலையையும் பார்க்கவேண்டும். குறித்த விலைக்கு மேல் கேட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

டிசம்பரில் வரும் உந்துவப் போயாவன்று மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் மூடப்படும். சில ஆண்டுகளில் அது நத்தாருக்கு ஓரிரு நாள் முன்னதாகவே வந்துவிடும். நாட்காட்டியைப் பார்த்து பிராண்டியை இப்போதே வாங்கிவிடவேண்டும். இறைச்சிக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

ஏறக்குறைய 50 துண்டு தரும் ஒரு தட்டுக் கேக்குக்குப் பழம் 1,200 கிராம் போதும்: பிளம்ஸ் 400, பூசணி தோசி 250, பேரீச்சம்பழம் 200, இஞ்சிப் பாகு 150, செர்ரி 100, பாகில் இட்ட தோடம்பழத் தோல் 100. பிளம்ஸைக் கழுவினால் ஈரம் முற்றாகப் போகவேண்டும். நவம்பர் மழையில் வெயிலை நம்ப முடியாது. துணியில் பரப்பி மின்விசிறியின் கீழ் ஓரிரவு விடுவதே உறுதியான வழி. செர்ரியின் சிவப்புப் பாகைக் கழுவி ஒற்றியெடுக்கவேண்டும். இஞ்சியைப் பாகு வடித்துச் சேர்க்கவேண்டும். எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்கு வெட்டவேண்டும். பெரிதாக வெட்டிய பழம் கேக்கின் அடியில் போய்த் தங்கும்.

வெட்டிய பழத்தைக் கண்ணாடி அல்லது பீங்கான் சாடியில் இட்டு 150 மில்லிலீற்றர் பிராண்டி ஊற்றி, இரண்டு நாளுக்கொருமுறை உலர்ந்த கரண்டியால் கிளறிவிடவேண்டும். பழத்தின் புளிப்பு அலுமினியத்தோடு சேரும் என்பதால் அந்தப் பாத்திரம் ஆகாது. கஜுவை ஊறவைக்கக்கூடாது, கேக் சுடும் நாளில் நொறுக்கிச் சேர்த்தால் போதும். மது சேர்க்காத வீடுகள் இப்போது பழத்தை ஊறவைக்க வேண்டியதில்லை. தோடம்பழச் சாற்றில் பிரிஜ்ஜுக்குள் ஓரிரவு ஊறினால் போதும். ஆனால் அந்தக் கேக்கை நத்தாருக்கு முந்திய வாரத்தில் சுட்டு, பிரிஜ்ஜில் வைத்தே உண்ணவேண்டும்.

ஒக்டோபர், நவம்பர் இரண்டும் கொழும்பில் மிகுந்த மழை பெய்யும் மாதங்கள். களனி கங்கையின் தென்கரையில் தாழ்நிலமாகக் கிடக்கும் கொலன்னாவை 2016 மே வெள்ளத்தில் பெரிதும் மூழ்கிய பகுதி. அங்குள்ள வீடுகளில் ரவை, சீனி, உலர்பழம், ஊறும் பழச்சாடி ஆகியவற்றைத் தரையிலோ கீழ்த் தட்டிலோ விடாமல் உயரத்தில் வைப்பது அவசியம். வெள்ளநீர் பட்ட உணவுப் பொதியைக் கழுவிப் பயன்படுத்தலாகாது, வீசிவிடவேண்டும்.

கேக்குக்கு முன்: ஓவனும் காஸும்

மேசை ஓவன் பெரும்பாலும் 2,000 வாற்று அளவில் இயங்கும். 230 வோற்றில் அது ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் சொருகியிலோ, பல கருவிகள் தொங்கும் நீட்டிப்பு வயரிலோ அதைப் பொருத்தக்கூடாது. சுவரிலுள்ள 13 அல்லது 15 அம்பியர் இணைப்பே உரியது. இரண்டரை மணிநேரம் இடைவிடாது எரிந்தால் 5 அலகு செலவாகும். சூடு தானாக நின்று நின்று எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாத அலகு ஏற்கெனவே ஒரு படியின் விளிம்பில் நிற்கும் வீட்டில் இரண்டு தட்டுக் கேக் செய்வதானால், அவற்றை ஒரே சூட்டில் அடுத்தடுத்துச் சுடுவது சிக்கனம். சுடும்போது மின்சாரம் நின்றால் கதவைத் திறக்கக்கூடாது. மூடிய ஓவனின் சூடு சிறிது நேரம் கேக்கைத் தாங்கும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் சமையல் காஸ் தொடர்பான வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. பண்டிகைக்கு முன் குழாயையும் றெகுலேற்றரையும் சோதிப்பதற்கு அந்த அனுபவமே போதிய காரணம். இணைப்புகளில் சவர்க்கார நுரையைத் தடவவேண்டும். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. காஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடிவீடுகளில் மழைக்காக எல்லா யன்னலையும் அடைத்துச் சமைப்பது ஆபத்து. வாடை வந்தால் வால்வை மூடி, கதவு யன்னல்களைத் திறக்கவேண்டும். மின் சுவிட்சைத் தொடக்கூடாது.

டிசம்பர் முதல் பத்து நாள்: கேக்

கொட்டாஞ்சேனையில் புனித லூசியாளின் பெயரால் பேராலயம் உள்ளது. அவருடைய திருநாள் டிசம்பர் 13. அதற்கு முன் கேக் ஓவனிலிருந்து இறங்கிவிட்டால் ஊறுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் மிஞ்சும்.

மேற்சொன்ன பழத்துக்கு ரவை 250 கிராம், பட்டர் 250 கிராம், சீனி 350 கிராம், கஜு 250 கிராம், முட்டை மஞ்சட்கரு 10, வெள்ளைக்கரு 5 வேண்டும். மணத்துக்குத் தேன், பன்னீர் தலா 2 மேசைக்கரண்டி, வனிலா 1 மேசைக்கரண்டி, ஆமண்ட் எசென்ஸ் 1 தேக்கரண்டி, கறுவாத்தூள், ஏலத்தூள் தலா 1 தேக்கரண்டி, கராம்புத்தூள், சாதிக்காய்த்தூள் தலா அரைத் தேக்கரண்டி. பல வீடுகளின் பழைய குறிப்புகள், 1929இல் முதலில் வெளிவந்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூலின் காலத்து வழக்கப்படி, இறாத்தலிலும் அவுன்சிலும் இருக்கும். இறாத்தலுக்கு 454 கிராம், அவுன்சுக்கு 28 கிராம் என மாற்றிக்கொள்ளலாம்.

ரவையை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, சூடு தணியுமுன் பட்டரோடு பிசைந்து சில மணிநேரம் மூடி வைக்கவேண்டும். மஞ்சட்கருவையும் சீனியையும் வெளிறிய மஞ்சளாகி, கரண்டியிலிருந்து நாடாபோல் இறங்கும்வரை அடிக்கவேண்டும். ரவை பிசைவதும் கரு அடிப்பதும் விடியற்காலையில் சுலபம். நடுப்பகல் வெக்கையில் பட்டர் உருகிப் பிரிந்துவிடும். பிரிவதாகத் தெரிந்தால் பாத்திரத்தைக் குளிர்நீரில் இருத்தி அடிக்கலாம். பிறகு ரவை, பழம், கஜு, மணப்பொருள் என்ற வரிசையில் கலந்து, தனியே நுரைக்க அடித்த வெள்ளைக்கருவைக் கடைசியில் நுரை உடையாமல் மடித்துச் சேர்க்கவேண்டும்.

கேக்கைக் காப்பதும் கெடுப்பதும் தட்டுதான். 25 சென்ரிமீற்றர் சதுரத் தட்டின் அடியிலும் பக்கங்களிலும் நான்கைந்து மடிப்புச் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் பட்டர் பூசிய எண்ணெய்த்தாள் இரண்டு மடிப்பு போடவேண்டும். செய்தித்தாள் சூட்டைத் தணிக்கும். எண்ணெய்த்தாள் அச்சுமை கேக்கில் படாமல் தடுக்கும். ஓவன் 140 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும். இதில் சீனியும் பழமும் மிகுதி என்பதால் அதற்கு மேல் போனால் ஓரம் கருகி நடு வேகாது. ஒரு மணிநேரம் கழிந்ததும் மேலே தாளொன்றை மூடிவிட்டால் மேற்புறம் கறுக்காது. இரண்டு மணிநேரத்துக்குப் பின் ஈர்க்கால் குத்திப் பார்க்கவேண்டும். பச்சைக் கலவை ஒட்டினால் இன்னும் வேகவேண்டும்; சிறிது பிசுபிசுப்பு மட்டும் இருந்தால் பதம் சரி. முற்றிலும் உலர்ந்த ஈர்க்கு வெளிவரும்வரை காத்திருந்தால் கேக் வறண்டுவிடும். ஓவன் இல்லாதவர்கள் அறிமுகமான பேக்கரியின் போறணையில் சுடக் கொடுப்பதானால், பாண் வெந்து முடிந்து சூடு தணிந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டே கொண்டுபோகவேண்டும்.

கேக் தட்டிலேயே ஓரிரவு ஆறவேண்டும். சூடாக மூடினால் நீராவி வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆறியதும் மேலே 2 மேசைக்கரண்டி பிராண்டி தெளித்து, எண்ணெய்த்தாளில் சுற்றி டின்னில் அடைக்கலாம். நத்தாருக்கு மூன்று நான்கு நாள் முன்பு ஈரத்துணியால் துடைத்த கத்தியால் 2.5க்கு 5 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தாளிலும் அதன்மேல் வண்ணத்தாளிலும் சுற்றவேண்டும். வண்ணத்தாள் நேரே கேக்கில் பட்டால் சாயம் இறங்கும். அயலாருக்கு அனுப்பும் தட்டில் மது சேர்ந்த கேக்கையும் சேராத கேக்கையும் வெவ்வேறு நிறத் தாளில் சுற்றிவிட்டால், முஸ்லிம் வீடுகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கையில் குழப்பம் வராது.

டிசம்பர் 15 முதல் 22 வரை: பலகாரம்

பொரித்த பலகாரத்தின் எதிரி ஈரக்காற்று. மழை இல்லாத காலையில் பொரிக்கத் தொடங்கி, முற்றாக ஆறியதும் காற்றுப் புகாத டின்னில் அடைக்கவேண்டும். கொக்கிசுக்கு அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய்ந்திருக்கவேண்டும். காய்ந்த அச்சை மாவில் முக்கால் பங்கு மட்டும் அமிழ்த்த வேண்டும். விளிம்புவரை மூழ்கினால் மா அச்சை மூடிக் கழன்று வராது. எண்ணெய் 170 முதல் 180 பாகை வரை நல்லது. குறைந்தால் பலகாரம் எண்ணெய் குடிக்கும். கூடினால் வெளியே சிவந்து உள்ளே மாவாக நிற்கும். பயற்றம் பணியாரத்துக்குத் தேங்காய்ப்பூவை ஈரம் போகப் பொன்னிறமாக வறுக்கவேண்டும். ஈரம் நின்றால் நான்காம் நாளே காறும். முறுக்கை முதலிலும், சீனிப்பாகு பூசும் சிப்பிப் பலகாரத்தைக் கடைசியிலும் செய்து, இரண்டையும் தனித்தனி டின்னில் வைக்கவேண்டும்; பாகின் ஈரம் முறுக்கை நமத்துப்போகச் செய்யும். பொரித்த எண்ணெயை வடிகாலில் ஊற்றினால் கொழுப்பு உறைந்து அடைக்கும். ஆறவிட்டுப் போத்தலில் அடைத்துக் குப்பையோடு கொடுப்பதே முறை.

கடைசி மூன்று நாள்: விருந்து

22ஆம், 23ஆம் திகதிகளில் சீனிச் சம்பலும் கத்தரிக்காய் மோஜுவும் செய்துவிடலாம். வெங்காயத்தை நன்கு வதக்கிய சம்பலும் வினாகிரி சேர்ந்த மோஜுவும் பிரிஜ்ஜில் சில நாள் இருக்கும். உறைந்த கோழியை 23ஆம் திகதி இரவே பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில், வடியும் நீரைத் தாங்கும் பாத்திரத்தில் வைத்து இளக்கவேண்டும். சமையலறை மேடையில் இளகவிட்டால் உள்ளே பனியாக இருக்கும்போதே வெளிப்புறம் கெடத் தொடங்கும். வட்டிலப்பத்தை 24ஆம் திகதி அவித்துக் குளிரவைக்கலாம்.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகும் வீட்டில் கறியைப் பொழுதோடு சமைத்து, மேசையில் மூடிவைத்துவிட்டுப் போவதே பெரும் தவறு. சமைத்த உணவு வெளியே இரண்டு மணிநேரத்துக்கு மேல் இருக்கலாகாது. தாழ்வான பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து 5 பாகைக்குக் கீழ் குளிரூட்டி, திரும்பி வந்ததும் கொதிக்கச் சூடாக்கவேண்டும். கறியை இறைச்சியோடும் கூட்டோடும் அன்று சமைத்து, தேங்காய் முதற்பாலை மறுநாள் சூடாக்கும்போது சேர்த்தால் பால் திரைவதும் புளிப்பதும் இல்லை. மஞ்சள் சோற்றை நத்தார் காலையில் வடிப்பதே நல்லது. நேற்றைய சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு சில, மறுபடி சூடாக்கினாலும் அழியா. ஒல்லாந்தர் வழிவந்த புறூடரைக் காலை உணவுக்கு வைக்கும் வீடுகள் அதைப் பேக்கரியில் முன்பதிவு செய்து 24ஆம் திகதி எடுத்துக்கொள்ளலாம். பட்டரும் ஏடம் சீஸும் அதற்குத் துணை.

விற்பனைக்குச் செய்வோர்

வீட்டிலிருந்து கேக் விற்போரும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே. பெட்டியில் பொருளின் பெயர், சேர்மானம், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி ஆகியவற்றை எழுதவேண்டும். முட்டை, கஜு, மது சேர்ந்திருப்பதைத் தெளிவாகக் காட்டவேண்டும். கட்டளைகளை டிசம்பர் 10க்கு மேல் ஏற்றால் கேக் ஊற நாள் போதாது என்பதை வாங்குவோருக்கு முன்பே சொல்லிவிடவேண்டும்.

மீந்த றிச் கேக் டின்னில் தை மாதம்வரை இருக்கும். பலகாரத்தைப் புத்தாண்டுக்குள் தீர்த்துவிடவேண்டும். கறியும் சோறும் குளிரூட்டியிருந்தாலும் 26ஆம் திகதிக்கு மேல் வைக்கவேண்டாம்.