இயங்கிவரும் சங்கக் கட்டிடத்துக்குப் புதுத் தளம்

கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றின் கட்டிடங்கள் முதுமையடைந்துவிட்டன. மழைக்காலந்தோறும் தளம் ஒழுகுகிறது. நெசவாளர் சங்கத்தில் நூல் சிப்பங்களும், விவசாயிகள் சங்கத்தில் உர மூட்டைகளும், நியாய விலைக் கடையில் அரிசியும் நனைகின்றன. தளத்தை மாற்றவேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆயின் கடையை மூடாமல் மாற்றுவது எங்ஙனம் என்பதே அங்கத்தினர்களின் கேள்வி. கொருக்குப்பேட்டை போன்ற வட சென்னைப் பகுதியில் உள்ள ஒரு கட்டிடத்தை மனத்திற்கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலில் தளத்தின் வகையை அறிதல் வேண்டும். பழைய கட்டிடங்களில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்னும் கட்டைத்தளம் இருக்கும். தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு மரக்கட்டைகளால் அடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பர். இவ்வகைத் தளத்தில் சுவருக்குள் புதைந்த கட்டை முனைகளே முதலில் ஈரத்தாலும் கரையானாலும் கெடும். பிற்காலக் கட்டிடங்களில் இருப்பது கான்கிரீட் தளம். கடற்காற்றின் உப்பு உள்ளே ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைப்பதால் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. அதன்மேல் சிமெண்டு பூசி மறைப்பது நோயை மூடிவைப்பதேயாகும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, வெற்றோசை எழும் இடங்களைக் குறித்துக்கொண்டு, பொறியாளரின் கருத்தைப் பெறுதல் நன்று.

ஒழுகும் தளத்தின்மேல் மற்றொரு ஜல்லித் தளம் போடுவது வழக்கமாகிவிட்டது. 4 அங்குலத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் எடை கூட்டும். தூம்பு அடைத்து 10 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் மேலும் 100 கிலோ. தளர்ந்த கட்டை இவ்வளவையும் தாங்குமா?

வேலையைப் பகுதி பகுதியாகச் செய்வதே வழி. 90 சதுர மீட்டர் கூடம் ஒன்றை மூன்றாகப் பிரிப்பதாகக் கொள்வோம். பிரிக்கும் கோடு சுவரின்மேலோ உத்திரத்தின்மேலோ அமைதல் வேண்டும். புதுத் தளத்தின் இணைப்பு நடுவெளியில் வரலாகாது. இடிக்கும் பகுதியை ஒட்டி நிற்கும் கட்டைகளுக்கும் முட்டுக் கொடுத்த பின்னரே முதற் செங்கல்லை எடுக்கவேண்டும். இடித்த கற்களை அடுத்த பகுதியின்மேல் குவித்தல் பெருந்தவறு. ஓரடி உயரக் குவியல் சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ அழுத்தும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கூடுதல் சுமையாக விதிகள் கணக்கிடுவதோ 150 கிலோதான். திறந்த பகுதியின்கீழ் ஒருவரும் நிற்கலாகாது. இடையே தடுப்பு எழுப்பி, கடைக்குத் தனி வாயிலும் அதன்மேல் உறுதியான பந்தலும் அமைக்கவேண்டும். அரிசி வாங்க வரும் தாயின் தலைமேல் ஒரு செங்கல் விழுமாயின், மிச்சப்படுத்திய பணம் எதற்குப் பயன்படும்?

புதிதாகக் கான்கிரீட் போடுவதாயின், கடலோரத்தில் திறந்துள்ள கான்கிரீட்டில் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மூடாக்கும், எம் 30 தரமும் வேண்டும் என்று இந்தியத் தர விதி கூறுகிறது. நான்கரை மீட்டர் வரையுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாட்களுக்கு முன்பும், அதற்கு மேற்பட்டதை 14 நாட்களுக்கு முன்பும் எடுக்கலாகாது. மேற்பரப்பில் 10 அடிக்கு 2 அங்குலமாவது வாட்டம் வைக்கவேண்டும்.

பழைய முறையும் மறைந்துவிடவில்லை. 1768-இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீக்கிரையாயிற்று. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். பின்னர்ப் பொதுப்பணித் துறை அதனைச் சுண்ணாம்பு முறையிலேயே புதுப்பித்தது. சுவரும் உத்திரமும் நன்றாயிருப்பின், சங்கங்களும் இம்முறையை எண்ணிப் பார்க்கலாம்.

காலமும் முக்கியம். சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. பொங்கல் விநியோகம் முடிந்ததும் தொடங்கி, பகுதிக்கு ஒன்றரை மாதம் வைத்தால், ஜூன் தொடக்கத்தில் முடியும். அதற்குள் கோடை மழை வரலாம். திறந்த ஓரங்களில் சிறு வரப்புக் கட்டித் தார்ப்பாய் போர்த்துவது அவசியம். ஒவ்வொரு பகுதியையும் அளந்த பின்னரே பணம் கொடுத்து, ஒரு தொகையை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வைக்கவேண்டும்.

அடுத்த கூட்டத்தில் ஆராயவேண்டியவை:

1. நம் கட்டிடத்தின் தளம் எவ்வகை? கடைசியாகச் சோதித்தது எப்போது?
2. தூம்புகளை மழைக்கு முன் துப்புரவு செய்யும் பொறுப்பு யாருடையது?
3. வேலை நடக்கும்போது இருப்புப் பொருளை எங்கே வைப்பது?
4. பழுது நிதியாக ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குகிறோம்?