வாழியும் வாளியும்: அருளிச்செயலில் நாவின் நிலை

சாற்றுமுறையின் நிறைவில் கோஷ்டியாக வாழித் திருநாமம் ஸேவிக்கிறோம். அங்கே 'வாழி' என்னும் சொல் நாப் பிறழ்ந்து 'வாளி' என்றானால் அம்பு என்று பொருள்படும். 'வாலி' என்றானாலோ, சக்கரவர்த்தித் திருமகனின் அம்பினால் வீழ்ந்த வானர வேந்தனைக் குறிக்கும். மங்களாசாஸனம் செய்யுமிடத்தில் இது தகுமோ?

இம்மூன்று ஒலிகளையும் வேறுபடுத்துவது நாநுனி நிற்கும் இடமே. லகாரத்திற்கு அது மேற்பல்லின் அடியில் பொருந்தும். ளகாரத்திற்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தில் ஒட்டும். ழகாரத்திற்கும் அவ்வாறே வளையும். ஆயினும் ஒட்டாமல் வருடினாற்போல் நிற்க, இடைவெளியில் ஒலி தடையின்றிச் செல்லும். ரகார ழகாரங்கள் நுனிநா உயர்ந்து அண்ணத்தை வருடப் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் கூறுவதும் இதுபற்றியே.

நாம் வங்கிப் பணியில் ஓய்வு பெற்ற பின்னரே சந்தை சொல்லத் தொடங்கினோம். 'ஆழி' என்பதை 'ஆளி' என்றே சொல்லிவந்தோம். எம்பெருமானின் சக்கரம் சிங்கமாயிற்று! கற்பித்த ஸ்வாமி ஒரு வழி காட்டினார்: 'ள்' என்னும் ஒலியை நீட்டிக்கொண்டே, நாநுனியை மயிரிழையளவு அண்ணத்திலிருந்து விலக்கினால் 'ழ்' தானே வரும். சில நாள்களில் அது கைகூடிற்று.

வெளிநாடுகளில் உரோமன் எழுத்தில் கற்கும் குழந்தைகள், ழகாரத்திற்கு இடும் 'இசட்', 'எச்' ஆகியவற்றைக் கண்டு மயங்குவதுண்டு. அவர்களுக்கு ஏட்டைக் காட்டுமுன் நாவின் நிலையைக் காட்டுவோம். ஆசார்யர் ஒருமுறை சொல்ல, கற்பவர் இருமுறை சொல்லும் சந்தை முறையைப் பெரியோர் வைத்ததும் செவியும் நாவும் பழகுவதற்காகவன்றோ! அறியாப் பிழையை எம்பெருமான் பொறுப்பான். அறிந்தபின் திருத்திக்கொள்வது நம் கடமை.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.