கொங்கிறீற்றுத் தளத்துக்குச் சுயமட்டச் சாந்து இடுதல்

மாணவர்களே, "சாந்து தானே மட்டமாகும் என்றால் மேசனுக்கு என்ன வேலை, சேர்?" என்று ஒருவர் வகுப்பில் கேட்டார். நல்ல கேள்வி. சாந்து தானாகச் செய்வது பரவி மட்டமாவதை மட்டுமே. அது தளத்தைப் பற்றிப்பிடிக்கும்படி செய்வது மேசனின் வேலை. இப்பாடத்தில் இதனை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்.

சுயமட்டச் சாந்து என்றால் என்ன?
சீமெந்து, நுண்மணல், பொலிமர், மிகை நீரின்றியே கலவையை இளகச் செய்யும் சேர்மானம் ஆகியவை கலந்த உலர் தூளாகும். நீருடன் கலந்து ஊற்றும்போது புவியீர்ப்பினால் பள்ளங்களை நோக்கிப் பாயும். தரையோடு அல்லது வைனைல் விரிப்புப் பதிப்பதற்கு முன், பெரும்பாலும் 3 – 10 மி.மீ. தடிப்பில் இடப்படும்.

செயன்முறைப் படிகள்

1. பரிசோதித்தல்: 2 மீற்றர் நேர்விளிம்பைப் பல திசைகளில் வைத்துப் பள்ளம் மேடுகளை அளக்க. புதிய கொங்கிறீற்று எனின் குறைந்தது 28 நாட்கள் கழிந்து, நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும்.

2. துப்புரவாக்கல்: தூசு, எண்ணெய், பழைய பூச்சு, மேற்பரப்பில் பொடியாகும் சீமெந்துப் படை ஆகியவற்றை நீக்குக. இவை இருந்தால் சாந்து தளத்தில் ஒட்டாது, தூசில்தான் ஒட்டும்.

3. அடைத்தல்: வெடிப்புகளையும் துவாரங்களையும் அடைத்து, வாசலில் தடுப்புப் பலகை வைக்க. சாந்து நீர்போல் ஒழுகிவிடும்.

4. முதற்பூச்சு: பூசி உலர விடுக. பூசாவிடின் கொங்கிறீற்று சாந்தின் நீரை உறிஞ்சும். அதன் நுண்துளைகளிலுள்ள காற்று குமிழியாக எழுந்து மேற்பரப்பில் ஊசித்துளைகளை ஏற்படுத்தும்.

5. கலத்தல்: அளந்த நீரில் தூளைச் சிறிது சிறிதாக இட்டு, துடுப்புப் பொருத்திய மின் துறப்பணத்தால் கட்டியில்லாமல் கலக்க.

6. ஊற்றல்: வாசலுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வாசலை நோக்கி வருக. பொதுவாக 15 – 20 நிமிடங்களே அவகாசம். உடனேயே முள் உருளையை உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுக.

7. பாதுகாத்தல்: நேரடி வெயிலும் காற்றும் படாமல் இறுக விடுக.

கவனிக்க: "நன்றாகப் பாய்வதற்கு நீரைக் கூட்டலாம்" என எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம். நீர் கூடினால் மணல் அடியில் படியும். மேற்பரப்பு நலிந்து பொடியாகும். சுருக்க வெடிப்புகளும் தோன்றும். பையில் குறிப்பிட்ட அளவே சரியான அளவு.

மாதிரி வினா
4 மீ. × 3 மீ. அறைக்குச் சராசரி 5 மி.மீ. தடிப்பில் சாந்து இடவேண்டும். 1 சதுர மீற்றருக்கு 1 மி.மீ. தடிப்புக்கு 1.7 கி.கி. தூள் தேவை. 25 கி.கி. பைகள் எத்தனை வாங்க வேண்டும்?

விடை
பரப்பளவு = 4 × 3 = 12 சதுர மீற்றர்
தேவையான தூள் = 12 × 5 × 1.7 = 102 கி.கி.
பைகள் = 102 ÷ 25 = 4.08
எனவே 5 பைகள் வாங்க வேண்டும்.

4.08 என்பதை 4 ஆக்கிவிடாதீர்கள். கடைசி மூலைக்குச் சாந்து போதாமல், கடைக்கு ஓடி வருவதற்குள் முன்னர் ஊற்றியது இறுகிவிடும். இணைப்பிடத்தில் மேடு விழும்.

சிந்திக்க: நீர் வடிவதற்குச் சரிவு தேவைப்படும் குளியலறைத் தளத்துக்கு இச்சாந்து ஏன் பொருந்தாது? விடையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்.