பற்றரி வாங்க முன் ஒரு கணக்கு

பற்றரி வாங்க எண்ணும் குடும்பம் முதலில் கடைக்குப் போகத் தேவையில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். இடம்பெயர்ந்து வந்து, கடனாகவோ உதவியாகவோ கையில் கிடைத்த சிறு பணத்தில் வெளிச்சத்துக்கு வழி தேடும்போது, பெட்டியின் பருமனையும் கடைக்காரரின் பேச்சையும் நம்பித் தீர்மானிப்பது பெரும்பாலும் நட்டத்தில் முடிகிறது. இரண்டாவது பற்றரி வாங்க எம்மில் பலரிடம் பணம் இருப்பதில்லை.

1990களில் வடக்கில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்தது. மின்சாரத்தை உண்டாக்குவது ஒன்று, அதை இரவுக்கென்று எடுத்துவைப்பது வேறொன்று என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, கம்பி இணைப்பு உள்ள வீட்டாரும் அதை அறிந்துகொண்டார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு பொருள் எத்தனை வாற் இழுக்கிறது என்பது அதிலேயே எழுதியிருக்கும். அதை அது ஓடும் மணித்தியாலத்தால் பெருக்கினால் வாற்-மணி வரும். 7 வாற் எல்ஈடி குமிழ் மூன்று, ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 105. இரண்டு கைத்தொலைபேசிக்கு 30. வானொலிக்கு 25. பிள்ளைகள் படுக்கும் இடத்தில் 50 வாற் மின்விசிறி ஆறு மணித்தியாலம் ஓடினால் 300. மொத்தம் 460. பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர் தன் பங்குக்கு விழுங்குவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 540.

இதில் மின்விசிறி மட்டும் மூன்றில் இரண்டு பங்கு என்பதைக் கவனியுங்கள். பற்றரியில் நேரடியாக ஓடும் 20 வாற் மின்விசிறியும் 12 வோல்ற் குமிழ்களும் வாங்கினால், இன்வேட்டரே வேண்டாம். தேவை 280க்கு இறங்கிவிடும். அதாவது வாங்க வேண்டிய பற்றரி பாதியாகிவிடும். மலிவான பற்றரி தேடி அலைவதைவிட இது மேல்.

இப்போது பற்றரியைப் பார்ப்போம். 12 வோல்ற், 100 அம்பியர்-மணி என்று எழுதிய ஈய-அமிலப் பற்றரியில் 12ஐ 100ஆல் பெருக்க 1,200 வாற்-மணி உண்டு. ஆனால் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். விதைநெல்லில் கைவைக்காததுபோல அடிப்பாதியைத் தொடக்கூடாது. ஆகவே எமக்குக் கிடைப்பது 600தான். லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகையில் பத்தில் ஒன்பது பங்கை எடுக்கலாம்; 50 அம்பியர்-மணிப் பெட்டி ஒன்றே ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும். 100ஐ 100உடன் ஒப்பிட்டு விலை கேட்பது பிழையான ஒப்பீடு. கடையில் 100க்கு 50 என்று வைத்துத்தான் விலை கேட்க வேண்டும்.

ஆயுளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈய-அமில வகையைப் பாதிவரை இறக்கி ஏற்றினால் 500 தடவை உழைக்கும் என்று வைப்போம். அது தன் வாழ்நாளில் தருவது 300 அலகு. லித்தியம் 2,000 தடவை உழைத்தால் தருவது 1,100 அலகுக்கு மேல். எனவே நாள்தோறும் சோலரில் ஏற்றி இரவில் இறக்கும் வீட்டுக்கு, லித்தியம் மூன்று மடங்கு விலையானாலும் நட்டமில்லை. கம்பி மின்சாரம் இருந்து, எப்போதாவது நின்றுபோகும் வீட்டுக்கு இந்த நியாயம் பொருந்தாது. அங்கே எப்போதும் நிரம்பியே இருக்கும் ஈய-அமிலப் பற்றரி போதும். பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் சில ஆண்டுகளில் அது முதுமையடையும், அவ்வளவே.

இன்னொரு இடத்துக்கு மாற வேண்டி வரக்கூடிய குடும்பம் நிறையையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஈய-அமிலப் பற்றரி ஏறத்தாழ 30 கிலோ. சரிந்தால் அமிலம் சிந்தும். அதற்கு ஈடான லித்தியப் பெட்டியை ஒருவர் ஒரு கையில் தூக்கலாம்.

உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றி வீட்டுக்கு வெளிச்சம் எடுப்பது எமது கிராமங்களில் பழகிய வழக்கம். அந்தப் பற்றரி சில வினாடிகள் மட்டும் பெரும் மின்னோட்டத்தைக் கொடுத்து, உடனே மீண்டும் நிரம்புவதற்காகச் செய்யப்பட்டது. அதன் தகடுகள் மெல்லியவை. இரவிரவாக இறக்கினால் சில மாதங்களில் செத்துவிடும். காலையில் உழவும் நிற்கும். கடையில் ‘டீப் சைக்கிள்’ பற்றரி என்று கேளுங்கள். பழைய லித்தியக் கலங்களைப் பொறுக்கிக் கட்டிய பெட்டிகளும் மலிவாக வருகின்றன. ஓலையும் தகரமும் உள்ள கொட்டிலுக்குள் அதை நாம் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டோம். தீப்பிடித்தால் அணைப்பது கடினம்.

கமக்கார அமைப்பு, மாதர் சங்கம் போன்றவற்றின் சிறு அலுவலகங்களுக்குக் கணக்கு சற்று வேறு. அவை பகலில் இயங்குவதால் சோலர் பனல் நேரடியாகக் கைகொடுக்கும். பற்றரி சிறிதாக இருக்கலாம். மடிக்கணினி 50 வாற் அளவில் அடங்கும். லேசர் அச்சுப்பொறியோ சூடேறும் வேளையில் 500 வாற்றுக்கு மேல் இழுத்துச் சிறிய இன்வேட்டரை நிறுத்திவிடும். மேசைக்கடியில் வைக்கும் யூபிஎஸ், கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் தருவது. அது சேமிப்பு அல்ல. தோட்டத்து நீரிறைக்கும் மோட்டரையும் இந்தப் பற்றரியில் கொழுவ வேண்டாம். ஒரு குதிரைவலு என்பது 746 வாற். வீட்டின் இரவு முழுவதற்குமான மின்சாரத்தை ஒரு மணித்தியாலத்தில் குடித்துவிடும். பகல் வெயிலில் பனலிலிருந்தே இறைத்து, தண்ணீரைத் தொட்டியில் சேமிப்பதே மலிவு.

கார்த்திகை, மார்கழி மழையில் பனல் குறைவாகவே தரும். அரைகுறையாக ஏறிய நிலையில் வாரக்கணக்கில் கிடக்கும் ஈய-அமிலப் பற்றரியின் தகடுகளில் உப்புப் படிந்து அது பழுதாகும். அம்மாதங்களில் மின்விசிறியை நிறுத்துங்கள். கூரைத் தகரத்தின் கீழ் வெக்கையில் வைப்பதும் ஆயுளைக் குறைக்கும். நிழலான, காற்றோட்டமான மூலையில் வையுங்கள். ஏறும்போது வெளிவரும் வாயு தீப்பற்றக்கூடியது. குப்பி விளக்கை அருகில் கொண்டுபோக வேண்டாம். நேர்முனைக்குப் பக்கத்தில் ஒரு பியூஸ் கட்டாயம் வேண்டும். வீட்டு வயரிங்கோடு இணைப்பதானால் பயிற்சி பெற்ற மின்னியலாளரே செய்யட்டும். பிழையான இணைப்பால் எமது பற்றரி மின்சாரம் வெளிக் கம்பிக்குப் பாய்ந்து, அதில் ஏறி வேலை செய்பவரைக் கொல்லலாம்.

வாங்கும்போது செய்த திகதியைப் பாருங்கள். ஏற்றாமல் மாதக்கணக்கில் கடையில் கிடந்த ஈய-அமிலப் பற்றரி புதிதல்ல. மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், 12.4 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் வேறொன்றைக் கேளுங்கள். உத்தரவாதச் சீட்டில் கடையின் முத்திரையும் திகதியும் இருக்கட்டும்.

பழையதை முற்றத்தில் உடைத்து ஈயம் எடுக்க வேண்டாம். அந்தத் தூசும் புகையும் சிறுபிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும்; மண்ணிலும் நீண்ட காலம் தங்கும். உடைக்காமல் முழுதாகக் கொண்டுபோனால், பல கடைகளில் புதியதின் விலையில் ஒரு தொகையைக் கழித்துத் தருவார்கள். கேட்டால்தான் கழிப்பார்கள்.