முக்குளிப்பவனின் குறிப்பேடு

புதுச்சேரி

அன்புள்ள தம்பி,

மணிக்கட்டில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் பிசகின்றிப் பதிந்து வைக்கும்போது, காகிதத்தில் வேறு எதற்காக எழுதவேண்டும் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். அவ்விரண்டையும் பொறுத்தவரை அந்தச் சாதனம் நம் ஞாபகத்தைவிட மேலானது. அதைப் பார்த்தே எழுதிக்கொள். ஆனால் அதற்குத் தெரியாதவை பல உண்டு. அவற்றில் சில உயிரைக் காப்பவை.

ஈயக்கட்டிகளின் விஷயத்தையே எடுத்துக்கொள். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் அடங்கிய காற்று மட்டுமே ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ளது. அதில் பெரும்பகுதியைச் சுவாசித்துத் தீர்த்தபின், மேலேறும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நிலைத்து நிற்கவேண்டிய இடத்தில் நிற்கமாட்டாமல் சிலர் மேலே உந்தப்படுவது, இந்த எடைக்குறைவை முன்கூட்டிக் கருதாமையால்தான். நீச்சல் குளத்தில் போதுமாயிருந்த ஈயம் உப்புநீரில் போதாது. உடை தடித்தால் இன்னும் வேண்டும். ஆகையால், எந்த உடையோடும் சிலிண்டரோடும் எத்தனை கிலோ கட்டினோம், முடிவில் மிதந்தோமா அமிழ்ந்தோமா என்பதை அன்றே எழுதி வைத்தவன், பல மாதம் கழித்து அந்தமானிலோ இலங்கையிலோ இறங்கும்போதும் ஊகத்தை நம்பவேண்டியதில்லை.

காற்றுச் செலவும் இத்தகையதே. சராசரி 12 மீட்டர் ஆழத்தில் 40 நிமிஷம் இருந்ததில், அதே சிலிண்டர் 200 பாரிலிருந்து 80 பாருக்கு இறங்கியதாக வைத்துக்கொள். செலவானது 1,440 லிட்டர், நிமிஷத்திற்கு 36. அவ்வாழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தைப்போல் 2.2 மடங்காதலால், நீர்மட்டக் கணக்கில் நிமிஷத்திற்கு 16 லிட்டருக்குச் சற்று மேல். சிலிண்டரோடு இணைப்பில்லாத கம்ப்யூட்டர் இதை அறியாது. குளிரிலும் அச்சத்திலும் எதிர்நீரோட்டத்திலும் இவ்வெண் எவ்வளவு உயர்கிறது என்பதைத் தன் ஏட்டிலிருந்தே கண்டறிந்தவன்தான், எப்போது திரும்பவேண்டும் என்பதைப் படகில் இருக்கும்போதே தீர்மானிக்க வல்லவன். நீரைவிட்டு வெளிவந்த மணியையும் மறவாமல் குறி: ஒரே நாளில் இருமுறை இறங்கியவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்கவேண்டும் என்பது பொதுவிதி, ஞாயிறு மாலை இங்கே கடலில் இருந்துவிட்டுத் திங்கள் அதிகாலை சென்னையில் விமானம் பிடிப்பவர்கள் மறந்துவிடும் விதியும் அதுவே.

இவை உடம்பைச் சார்ந்தவை. கடலைச் சார்ந்தவை வேறு. நம் வங்கக் கடல் தெளிவுக்குப் பெயர்போனதன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கலங்கி, பிறகு தெளிந்து, நாளுக்கு நாள் மாறுவது. நீரோட்டம் வடக்கிலிருந்து வரும் வன்னியா, தெற்கிலிருந்து வரும் தெண்டியா என்று படகோட்டியைக் கேட்டு எழுது. எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிந்தது, என்ன மீன்கள் தென்பட்டன, மணல் எங்கே ஏறியிருந்தது என்றும் எழுது.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-இல் தாம் காலமாகும் வரை இந்நகரத்திலிருந்து எழுதிய நாட்குறிப்பை நினைத்துப் பார். கப்பல் வந்ததும் சரக்கு இறங்கியதும் பிரெஞ்சுக் கும்பினியின் கணக்குகளிலும் இருந்திருக்கும்; ஆனால் அச்செய்தி கேட்டுத் துய்ப்ளெக்ஸ் துரை என்ன சொன்னார், ஊரார் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அறிய நமக்கு அந்தத் தமிழ் ஏடல்லவா வேண்டியிருக்கிறது! பிரத்தியட்சமாகக் கண்டவன் அன்றன்றே எழுதியதற்குள்ள மதிப்பு அதுதான்.

கைபேசியில் எழுதினால் என்ன என்பாய். எழுதாமலிருப்பதற்கு அது மேல். ஆனால் ஈரக்கையோடு படகில் அமர்ந்திருக்கும்போது பென்சில் எழுதும், கைபேசி எழுதாது. வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிவைத்தது பெரும்பாலும் எழுதப்படுவதேயில்லை. உடன் இறங்கிய துணைவரின் கையொப்பத்தையும் அங்கேயே வாங்கிவிடு. பின்னாளில் டைவ்மாஸ்டர் ஆக விரும்பினால், பாடி நிறுவனத்தின் பயிற்சியில் சேர 40 முக்குளிப்புகளும் முடிக்க 60-உம் பதிவில் இருக்கவேண்டும்.

முதல் சில பக்கங்கள் நிரம்பியதும் ஏட்டை எடுத்துக்கொண்டு வா. உன் காற்றுச் செலவை இருவருமாக உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்